எழுபத்து நான்கின் பசி

மலையேறி இறங்குபவனுக்குச் சீனி வியாதி வராது என்பது, எங்கள் பகுதியில் நான் சிறுவயது முதல் கேட்டுவந்த நம்பிக்கை. தொந்தி வைத்த துரைமாருக்கும் கடை முதலாளிமாருக்கும் உரிய நோய் அது. கொழுந்து பறிப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் அதனோடு என்ன உறவு என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

ஹற்றனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் நான். எனக்கு 42 வயதில் நீரிழிவு கண்டது. அப்போது என் எடை 58 கிலோ மாத்திரமே. என்னோடு தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு வந்த நண்பர்கள் மூவருக்கும் ஏறக்குறைய அதே வயதில் அதே நோய். நால்வருமே மெலிந்த தேகத்தினர். நால்வருமே 1974ஆம் ஆண்டு பிறந்தவர்கள்.

உண்ட உணவை உடல் சக்தியாக மாற்றிச் செலவிடுவதையும், எஞ்சியதைச் சேமிப்பதையும் எமது பாடநூல்கள் அனுசேபம் என்கின்றன. தமிழகத்தில் வளர்சிதைமாற்றம் என்பார்கள். மனிதருக்கு மனிதர் இது வேறுபடுவதற்குக் காரணங்கள் பல. உடலின் பருமன், தசையின் அளவு, செய்யும் வேலை, உறக்கம், தைரொயிட் சுரப்பி, பரம்பரை ஆகிய யாவற்றுக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியாவின் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கும் சக்தி செலவாகிறது.

நாற்பதைத் தாண்டினால் அனுசேபம் மந்தமாகிவிடும் என்று பலரும் ஆறுதல் கூறுவதுண்டு. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளியான பெரும் ஆய்வு அதனை மறுத்துவிட்டது. உடலின் அளவைக் கணக்கிலெடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை சக்திச் செலவு ஏறத்தாழ ஒரே சீராகவே இருக்கிறதாம். ஆகவே நடுவயதின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியாது. வயிற்றுக்குள் இருந்த காலத்தையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1973, 74ஆம் ஆண்டுகளில் இலங்கையில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறின. அரசின் பங்கீட்டு உணவு வெட்டப்பட்டது. கிராமத்தவரில் பலரிடம் துண்டு வயலாவது இருந்தது. லயத்தில் வாழ்ந்தவரிடமோ கைக்காசும் பங்கீட்டு அட்டையுமே இருந்தன. 1974இல் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பச்சிளங் குழந்தைகள் பலர் மடிந்தனர். பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

"நீ வயித்துல இருக்கறப்ப, பாதி நாளு சாயத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் மலைக்குப் போனேன் தம்பி" என்று அம்மா சொல்லியிருக்கிறார். கிடைத்த ரொட்டியைப் பிட்டு மூத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறுந்தேநீரோடு பெரட்டுக்களம் போய், கூடையைச் சுமந்திருக்கிறார். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பது பின்னாளில் நான் அறிந்துகொண்ட செய்தி. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்த தாய்மாரின் இரத்தத்தில் இரும்பு குறைந்திருந்ததில் வியப்பென்ன?

இதே போன்றதொரு பஞ்சம் 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்டது. ஜெர்மானியப் படையினர் உணவு வரும் வழிகளை அடைத்தனர். அந்நாட்களில் கருவிலிருந்த குழந்தைகளின் பிறப்புப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, அவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது ஆய்வாளர்கள் தேடிச்சென்று பரிசோதித்தனர். மற்றவர்களைவிட அவர்களது இரத்தத்தில் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை 1998இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாக வருவதை எடுத்துக்காட்டியிருந்தார்.

இதன் சூட்சுமம் எளிதானது. உணவு போதாத கரு, மூளையைக் காத்துக்கொள்வதற்காகத் தசையிலும் சதையியிலும் (கணையம்) சிக்கனம் பிடிக்கிறது. குளுக்கோசைப் பெருமளவில் எரிப்பது தசை. இன்சுலினைச் சுரப்பது சதையி. இரண்டுமே குறைவாக வாய்த்த உடல், குறைவாக உண்டு கடுமையாக உழைக்கும்வரை தாக்குப்பிடிக்கும். அதே உடல் கொழும்பில் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்து, மூன்று வேளை சோறும் ஐந்தாறு சீனித் தேநீரும் கண்டால் தடுமாறிவிடுகிறது. புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்தின் 3.5 கிலோக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். எமது குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரிதும் தசை. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

என் ஒருவனின் நோய்க்கு அந்தப் பஞ்சமே காரணம் என எந்த வைத்தியராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. பரம்பரையும் என் நாற்காலி வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் நோயாளியிடம் "வாயைக் கட்டு, நட" என்று மட்டும் கூறுவது அரை உண்மையே. மீதி அரை உண்மை கூலியிலும் தாயின் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். அதற்குப் பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷவின் உற்பத்தியும் தடைப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கமோ, நிறைமாதக்காரியின் மூச்சிரைப்பைப் பார்ப்பதில்லை.

அந்த ஆண்டில் கருவிலிருந்த பிள்ளைகள் 2072இல் ஐம்பது வயதை எட்டுவார்கள். அவர்களது நீரிழிவுக்கான சிகிச்சையை இன்றே, பிள்ளை மடுவத்து முட்டையிலும் பருப்பிலும், கர்ப்பிணித் தாய்க்கு வெட்டில்லாத முழுச் சம்பளத்திலும் தொடங்கலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து வாங்கப்போகும் மாத்திரைகளைவிட அது மலிவானது.

என் வயதொத்த மலையக நண்பர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு வேண்டுகோள். மெலிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் இருந்துவிடாமல், ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.