பின்பாட்டு

அடுத்த மாதக் கச்சேரிகளின் அறிவிப்பு மேஜைமீது கிடக்கிறது. மூன்று சனிக்கிழமைகள். ஒன்றில் நாட்டுப்புறப் பாடல்கள். மற்ற இரண்டில் கிதாரோடு தாமே எழுதித் தாமே பாடுகிற இளைஞர்கள். இடம், புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய வீட்டு முற்றம். அறுபது பேர் உட்காரலாம். சீட்டு உண்டு. போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறிய கூடங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. ரோமன் ரோலண்ட் வீதியின் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் இந்தியனோஸ்த்ரம் நாடகக் குழு சில ஆண்டுகள் இயங்கியது. 2015 முடிவில் அரியான் முனுஷ்கின் தம் குழுவோடு புதுச்சேரிக்கு வந்து தங்கினார். புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் அவர்கள் கற்ற தெருக்கூத்து, 2016இல் பாரிசில் போட்ட நாடகத்துக்குள் இடம் பெற்றது. பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசைவிழாவை அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கும் நடத்திவந்திருக்கிறது. சங்கீதம் தெருவுக்கு வரட்டும், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், காசு வேண்டாம் என்பது அதன் ஆதார யோசனை. நம்முடைய பாட்டு எப்போதும் தெருவில்தான் இருந்தது. அது இப்போது முற்றத்துக்குள் போகிறது. இரண்டும் எதிரெதிரே நடந்துவந்து வாய்க்கால் பாலத்தில் சந்தித்துக்கொள்கின்றன என்று எனக்குப் படுகிறது.

முற்றத்தை நான் குறை சொல்லவில்லை. திருவிழா மேடையில் ஒலிபெருக்கி முதலில் கொல்வது மூச்சை. இரண்டு அடிகளுக்கு நடுவே பாடுகிறவள் மூச்சு வாங்குவது காதில் விழுந்தால்தான் அது ஒரு உடம்பிலிருந்து வருகிறது என்ற பிரக்ஞை நமக்கு ஏற்படும். அறுபது பேர் கூடத்தில் அது கேட்கிறது. சினிமாவை நம்பாமல் பாடுகிறவனுக்கும் இந்த அளவு இடம்தான் சௌகரியம். கேட்கிறவன் முகம் தெரியும். பாட்டு எங்கே விழுந்தது என்பதும் தெரியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

சென்ற வருஷம் இதே முற்றத்தில் ஒரு பெண் நடவுப் பாட்டுப் பாடினாள். நடவுப் பாட்டு ஒருத்தி பாடுவதல்ல. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசையில் குனிந்திருக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் கை அடுத்த நாற்றைப் பிரிக்கும். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்தினாள். கூடம் வெகு மரியாதையாக மௌனம் காத்தது. மேலே பாடாமல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாங்க வேண்டியதையும் தானே பாடிக்கொண்டு போனாள்.

அந்த அடி எனக்குத் தெரியும். பாகூர் ஏரிப் பாசனத்தில் என் தாயார் நடவுக்குப் போன காலத்தில் வரப்பில் உட்கார்ந்து கேட்டது. தொண்டைவரை வந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அதிலிருந்தவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எல்லாருமாகக் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

கே.ஏ. குணசேகரன் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறையில் பேராசிரியராக இருந்தவர். 2016 ஜனவரியில் காலமானார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. அந்தப் பாட்டைக் கேட்டவன் ரசிகனாக மட்டும் இருந்துவிட முடியாது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் சேர்த்துக்கொண்டு கேட்டதும் அதைத்தான். கூடத்தின் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை. சின்ன அறையிலும் ஒளிந்துகொள்ளலாம். நான் ஒளிந்துகொண்டேன். மௌனமாகக் கேட்பதுதான் நாகரிகம் என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்புக்காகத்தான் அம்மா நாற்று நட்டாள் என்பது இதிலுள்ள விபரீதம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து சொன்னேன், நடவுப் பாட்டுக் கேட்கக் காசு கொடுத்துப் போயிருந்தேன் என்று. அவளுக்குக் காசைப் பற்றிக் கவலையில்லை.

“பின்பாட்டு யாருடா பாடினது?” என்றாள்.

“அவங்களே பாடிக்கிட்டாங்க.”

“பாவம், மூச்சு முட்டியிருக்குமே.”

இம்முறை இரண்டு சீட்டு வாங்கலாமென்று இருக்கிறேன். அவள் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.