பெரியப்பாவும் பேசும் கைப்பேசியும்

என் பெரியப்பா காலையில் தமிழ் முரசைப் படித்து முடித்த பிறகுதான் காப்பி குடிப்பார். 1935ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் நாளிதழ் என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். கண் அழுத்த நோயால் அவருடைய பார்வை சிறிது சிறிதாக மங்கியது. சென்ற ஆண்டு எழுத்துகள் அடியோடு தெரியாமல் போயின.

அதன்பிறகு படிக்கும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைப்புச் செய்திகளை மட்டும் படித்துவிட்டு ஓடுவேன். வங்கிக் குறுஞ்செய்தி, மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். பெரிய உதவி செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள் அவருடைய பழைய நண்பரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல் உரக்கப் படித்தேன். நண்பர் தம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிப் பணம் கேட்டிருந்தார். அப்போது கூடத்தில் உறவினர்கள் சிலரும் இருந்தார்கள். பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது.

"தம்பி, அது எனக்கு மட்டும் எழுதியது," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஜூன் விடுமுறையில் அவரை ரெட்ஹில் வட்டாரத்தில் உள்ள எனேபலிங் வில்லேஜுக்கு அழைத்துச் சென்றேன். உடற்குறையுள்ளோருக்கான கருவிகளை அங்கே தொட்டுப் பார்க்கலாம், பயன்படுத்தியும் பார்க்கலாம். அச்சிட்ட பக்கத்தைப் படம்பிடித்து வாசித்துக்காட்டும் கருவி ஒன்றைப் பெரியப்பா நெடுநேரம் கையில் வைத்திருந்தார். விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்தார். உதவித் தொழில்நுட்ப நிதி என்ற திட்டம் இருப்பதை அன்றுதான் அறிந்தோம். தகுதி பெறுவோருக்குக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். ஒருவர் வாழ்நாளில் மொத்தம் 40,000 வெள்ளி வரை பெறலாம்.

ஆனால், எங்களுக்கு முதலில் உதவியது காசில்லாமல் கிடைத்த ஒன்றுதான். பெரியப்பாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே 'டாக்பேக்' என்ற திரைவாசிப்பான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது! யாரும் திறந்து பார்க்கவில்லை.

விரலைத் திரையில் நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதை அது சொல்லும். தேவையானதைத் திறக்க இருமுறை தட்ட வேண்டும். கேட்க எளிது. முதல் நாள் நானே மாட்டிக்கொண்டேன். எதைத் தட்டினாலும் கைப்பேசி பேசியதே தவிர, ஒன்றும் திறக்கவில்லை. ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து அதை நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குள் வியர்த்துவிட்டது.

பெரியப்பா தடுமாறும்போதெல்லாம் கைப்பேசியைப் பிடுங்கி நானே செய்துவிடுவேன். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "கையைக் கட்டிக்கொண்டு உட்காருடா," என்று அதட்டினார். அதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. மூன்று வாரங்கள் ஆயின. பலமுறை கோபத்தில் கைப்பேசியைத் தூரத் தள்ளினார். மறுநாள் அவரே எடுத்தார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் நிச்சயதார்த்த அழைப்பை அழகான படமாகச் செய்து அனுப்பியிருந்தேன். பெரியப்பாவின் கைப்பேசி, "படம்" என்று மட்டும் சொன்னது. என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு என்ற எதுவும் அவருக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்த அனைவரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பேசாமல் இருந்திருக்கிறார். இப்போது எந்தப் படம் அனுப்பினாலும் அதன் கீழே விவரத்தைத் தட்டச்சு செய்கிறேன். சித்தப்பாவுக்கு இன்னும் மறந்துபோகிறது, நினைவூட்டுகிறேன்.

சென்ற சனிக்கிழமை காலை, பெரியப்பா காதொலிப்பானை மாட்டிக்கொண்டு முரசின் இணையப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் ஏதோ செய்தி வந்த ஒலி கேட்டது. விரலை நகர்த்தினார், கேட்டார், வாய்விட்டுச் சிரித்தார்.

"யார் பெரியப்பா? என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு வந்தது, தம்பி," என்று சொல்லிவிட்டுக் காப்பியைத் தேடிக் கையை நீட்டினார்.