பந்து முதலில் பிள்ளையிடம் இருக்கட்டும்

சாயங்காலம் சேலம், நாமக்கல் பக்கத்தில் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் ஒரு சத்தம் காதில் விழும். "பந்தைக் குடுடா! பாஸ் பண்றா!" கத்துகிறவர் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் அப்பா. பந்தை வைத்திருக்கும் பையனுக்கு ஏழு வயது இருக்கும். கூட்டத்தில் முண்டி அந்தப் பந்தைப் பிடிப்பதே அவனுக்குப் பெரும்பாடு. பிடித்த கையோடு விட்டுவிடு என்றால் என்ன செய்வான்? கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பான். பந்து வேலிக்காத்தான் புதருக்குள் போய் முள் குத்தி உட்காரும். அன்றைய ஆட்டம் அத்தோடு சரி.

பி.இ.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்து சொல்கிறவர்கள் உண்டு. "எம் பையன் யாருக்கும் பந்தே குடுக்க மாட்டேங்கறானுங்க ஐயா, நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க." பத்து வயது வரைக்கும் குடுக்காமலே ஆடட்டும் விடுங்க என்பேன். முகம் சுருங்கிவிடும். பிள்ளைக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டிய கிழவன் இப்படிப் பேசலாமா என்று நினைப்பார்கள் போல.

தன் வசத்துக்கு வராத ஒன்றை ஒருத்தன் எப்படிப் பகிர்வான்? பயத்தில் தள்ளிவிடுவதைப் பாஸ் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்ககிரி, திருச்செங்கோட்டு ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிளீனர் பையன் எத்தனை வருஷம் லாரியில் போனாலும், ஸ்டியரிங்கைத் தொடவிடாவிட்டால் அவன் டிரைவராக முடியாது.

முன்பெல்லாம் ஒரு வகுப்புக்கு ஒரே பந்து. பீரியடு முழுக்க மூச்சு வாங்க ஓடியும் பாதிப் பேர் கால் பந்தில் பட்டிருக்காது. பெரியவர்களின் முழு ஆட்டத்திலேயே, 90 நிமிடத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது சுமார் இரண்டு மூன்று நிமிடம்தான். சின்னப் பிள்ளைகளை 11 பேர் அணியாகப் பிரித்துப் பெரிய மைதானத்தில் இறக்குவது அவர்களை ஓட வைக்கும், ஆட வைக்காது. கோல் கம்பமோ 24 அடி அகலம், 8 அடி உயரம். அதற்குள் நிற்கும் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஆளுக்கொரு பந்து வேண்டும். வழியில்லையா, தேர்க்கடையில் விற்கும் ரப்பர் பந்து போதும். வாங்குவதாக இருந்தால் எட்டு வயது வரை 3-ம் நம்பர், பன்னிரண்டு வயது வரை 4-ம் நம்பர். 5-ம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் எடை. சின்னக் கால் அதைத் தடவ முடியாது, உதைக்கத்தான் முடியும். கொஞ்சம் காற்றுக் குறைவாகவும் இருக்கட்டும். நம் கட்டாந்தரையில் கல் மாதிரி காற்றடித்த பந்து முழங்காலுக்கு மேல் துள்ளும். தலையால் முட்டுவது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-லேயே அதைத் தடுத்துவிட்டது.

சொல்லிக்கொடுக்கத் தனிப் பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். கல்லா மண்ணா, நொண்டி எல்லாம் இருக்கவே இருக்கின்றன. செருப்புகளை நாலு மூலையில் வைத்துக் கட்டம் போடுங்கள். உள்ளே எல்லோர் காலிலும் பந்து. தன் பந்தைக் காத்துக்கொண்டே அடுத்தவன் பந்தைக் கட்டத்துக்கு வெளியே தட்ட வேண்டும். தட்டுப்பட்டவன் வெளியே உட்காரக் கூடாது. பந்தை எடுத்துவந்து பாதத்தால் இருபது தடவை இப்படி அப்படி உருட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம். வெளியே உட்காருகிறவன் எப்போதும் பழக்கம் குறைந்த பிள்ளைதானே, அவனுக்குத்தானே பந்து இன்னும் அதிகம் வேண்டும்? இந்த ஒரு விளையாட்டிலேயே உள்பாதம், வெளிப்பாதம், அடிப்பாதம், திடீர்த் திருப்பம் எல்லாம் வந்துவிடும். வாய் ஓயாமல் கத்துகிற கோச்சுக்கு இதில் வேலை கிடையாது. அதனாலேயே பலருக்கு இது பிடிக்காது.

பந்து வித்தை பிறவியிலேயே வரவேண்டும் என்ற பேச்சு உலகம் பூராவும் இருந்ததுதான். வீல் கூர்வர் என்ற டச்சுக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. 1974-ல் ஃபெயனூர்ட் அணிக்கு யூஃபா கோப்பை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் அவர். பெலே போன்றவர்களின் படச்சுருள்களைப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீமும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் என்று இந்திய அணியைக் கொண்டுபோனவர். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டிகளை அவர் நடத்தினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கோல் போட்ட தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் அவரிடம் ஆடியவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்று வரை அதுதான்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கிரிக்கெட்டில் சொன்னால் சட்டென்று ஏறும். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் போட்டுப் பழகியவர். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பந்தைக் கையில் வாங்கி வாங்கிப் போட்டிருக்காவிட்டால் அந்த யார்க்கர் எங்கிருந்து வந்திருக்கும்?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் பையன்களைச் சுற்றவிட்டுப் பந்தைக் கொண்டுபோகிற பெண்ணை ஆறாம் வகுப்பு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், கால் பழகி முடிகிற நேரம் பார்த்து. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் என்று சொன்னால், "அப்படிங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

"எப்பங்க மேட்சு? எப்பங்க கப்பு?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். பரீட்சை மார்க்குக்குப் பேர்போன சீமை, கேட்கத்தான் செய்வார்கள். வேண்டுமானால் நாலுக்கு நாலு ஆடவிடுங்கள், சின்னக் கோலாக, கோல் கீப்பர் இல்லாமல். எத்தனைக்கு எத்தனை என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள், சண்டையும் போட்டுக்கொள்வார்கள். பந்து தன் காலை விட்டுப் போகாது என்று தெரிந்த பிள்ளை அதைக் குனிந்து பார்ப்பதை விட்டுவிடும். பத்துப் பதினொரு வயதில், ஒருவருக்கு முன்னே இன்னொருவருக்குப் பின்னே, தலை தானாக நிமிரும். அப்போதுதான் தூரத்தில் காலியாக நிற்கும் கூட்டாளி கண்ணுக்குத் தெரிவான். பாஸ் சொல்லிக்கொடுக்க வேண்டியது அன்றைக்கு. அதுவரைக்கும் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்கள் பம்பையும் ஊசியையும் பார்த்துக்கொண்டால் போதும். முள் குத்தாத நாள் இந்த ஊரில் ஏது.