சிங்கராஜ வனத்தில் ஒரு தீப்பெட்டி

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வண்டென்றால் இரண்டே: தென்னங்குருத்தைக் குடையும் கருவண்டு, தீப்பெட்டியில் அடைத்து இலையூட்டும் பொன்வண்டு. புலவர் பாடிய வண்டு பெரும்பாலும் தேனீயினம். நான் சொல்ல வருவதோ முன்னிறகு கவசமாய் இறுகிய சாதி. அச்சாதி மழைக்காட்டில் வாழும் வாழ்வைக் காணவே, சென்ற விடுமுறையில் மாணவர் ஒன்பதின்மருடன் கலவானை வழியாகச் சிங்கராஜ வனம் சென்றேன்.

வனத்தினுட் புகுந்ததும் பகல் மாலையாயிற்று. மரங்களின் முடி கண்ணுக்கெட்டவில்லை. எங்களை முதலில் எதிர்கொண்டவை அட்டைகள். அரைமணி நேரம் நடந்தும் வண்டொன்றும் காணோம். "இங்கே இல்லைப் போலும், சேர்" என்றான் ஒருவன். வழிகாட்டி சிரித்துக்கொண்டு, விழுந்து உக்கிய மரமொன்றின் பட்டையை மெல்ல உயர்த்தினார். அதன் கீழே கன்னங்கரிய வண்டொன்றும் கொழுத்த வெண்புழுக்களும் இருந்தன. பட்டுப்போன மரத்தை மண்ணாக்கும் தொழிலாளர் இவர்களே.

எஞ்சியோரிற் பலர் மேலே, மர முடிகளில் வாழ்கின்றனர். அமெரிக்கரான டெரி எர்வின் பனாமாக் காட்டில் ஒரே இன மரங்கள் 19இன் முடிகளுக்குப் பூச்சிமருந்துப் புகையூட்டி, வீழ்ந்தவற்றை ஏந்தி எண்ணினார். ஏறத்தாழ 1,200 வகை வண்டுகள்! இதைக்கொண்டு, வெப்பமண்டலத்தில் 3 கோடி வகைக் கணுக்காலிகள் இருக்கலாமென 1982இல் கணித்தார். பின்வந்தோர் அந்தக் கோடிகளைப் பெரிதும் குறைத்துவிட்டனர். 

அவருக்கு நெடுங்காலம் முன்னரே, 1855இல், வாலஸ் என்னும் அறிஞர் போர்னியோவில் சிமுஞ்சோன் நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கி, பூச்சியொன்றுக்கு ஒரு சதம் கொடுத்துச் சேகரித்தார். ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலத்தில் அவருக்குக் கிடைத்தவை 2,000 வகைக்குச் சற்றே குறைவு. காரணம், சுரங்கத்துக்காகத் தறித்த மரங்கள் அங்கே உக்கிக் கிடந்தமை. காட்டை வெட்டினால் வண்டு பெருகும் என்று கொள்ளற்க. அருகே காடு நின்றதனாலன்றோ விருந்துக்கு அத்தனை பேர் வந்தனர்! சிங்கராஜ வனத்திலும் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறித்தார்கள். எதிர்ப்பு எழுந்து அது நின்றது. 1988இல் வனம் உலக மரபுரிமையாயிற்று. நாங்கள் நடந்த பாதையே அன்று மரம் இழுத்த பாதைதான்.

வாயிலை அணுகுகையில் ஒரு மாணவனின் சட்டைப்பையில் ஏதோ சுரண்டும் ஓசை கேட்டது. தீப்பெட்டி!

"ஒன்றுதானே, சேர். ஆயிரக்கணக்கில் இருக்கென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

வனத்திலிருந்து எதையும் எடுத்தல் குற்றம் என்று அதட்டியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது என் கணக்கை. "ஆயிரம் என்றது வகையை, தம்பி. ஒரு வகையில் எத்தனை உயிர் என்று நான் சொல்லவில்லையே" என்றேன். அவன் சற்றுநேரம் பேசாமல் நின்றான். பின்பு தானாகவே திரும்பி நடந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. அரை மைல் பின்னே சென்று, அதே மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். வண்டு சிறிது தயங்கிப் பட்டைக்குள் நுழைந்தது. நாங்கள் வீதிக்கு வந்தபோது கலவானைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.