கெசட்டில் ஓடிய ஹிப்ஹொப்பும் எங்கட அலுமாரியில் கிடக்கும் கெசட்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. லீவு நாள்தானே, தேத்தண்ணி ஒன்றை ஊத்திக்கொண்டு வாசியுங்கள்.

"நாங்கள்" என்று இதில் வருவது ஒரே வகுப்பில் படித்த நாலு பேர். ஒருவர் தோஹாவில். ஒருவருக்கு ஹார்ட்வெயார் கடை. ஒருவர் வங்கியில். மற்றவர் இன்னும் அதே பாடசாலையில், சோக்குத் துண்டோடு. நாலு பேருக்கும் பொதுவாக இருக்கிற ஒரே பைத்தியம், 80களிலும் 90களிலும் அமெரிக்காவில் கெசட்டில் வந்த ஹிப்ஹொப் மிக்ஸ்டேப். இசை கேட்பது பற்றி எங்கட ஊரில் இருக்கிற கருத்து வேறுபாடு எங்களுக்கும் தெரியும். அந்த விவாதத்துக்கு வேறு இடம் இருக்கிறது. இது ஒரு நாடாவின் கதை.

இப்போது பிள்ளைகள் மிக்ஸ்டேப் என்று சொல்வது ஃபோனில் இறக்குகிற பாட்டுத் தொகுப்பை. அந்தச் சொல்லில் இருக்கிற "டேப்" என்ன என்று தரம் 10இல் கேட்டோம். "செலோடேப்பா சேர்?" என்றது ஒரு பிள்ளை. அதனால்தான் எழுத வேண்டி வந்தது.

1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கில் பிரோங்ஸ் பகுதி, செஜ்விக் அவெனியூவில் 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பு. பாடசாலை தொடங்குமுன் புது உடுப்புக்குக் காசு சேர்க்க சிண்டி கேம்பெல் என்ற பிள்ளை ஒரு விருந்து வைக்கிறார். பாட்டுப் போட்டவர் அவருடைய நானா கிளைவ். ஜமெய்க்காவில் பிறந்த அவரைத்தான் உலகம் டீஜே கூல் ஹேர்க் என்கிறது. பாட்டில் பாடுவது நின்று மேளம் மட்டும் அடிக்கிற சில செக்கன்கள் வரும் அல்லவா, சனம் எழும்பி ஆடுவது அந்த இடத்தில்தான் என்பதைக் கண்டு, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து அந்தத் துண்டையே மாறி மாறி ஓட விட்டவர் அவர்.

ஹிப்ஹொப் இசைத்தட்டாகக் கடைக்கு வந்தது 1979இல்தான். அப்படியென்றால் இடையில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் இது பாடசாலை மண்டபத்திலும் பூங்காவிலும் நடந்து முடிந்து காற்றில் போகிற ஒன்று. வீட்டுக்குக் கொண்டுபோக இருந்த ஒரே வழி, யாராவது ஒருவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கெசட் ரெக்கோடரை வைத்துப் பதிந்தெடுப்பது. ஒரு கலை பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்துக்கு இருக்கிற சாட்சி அந்த இரைச்சல் பிடித்த நாடாக்கள்தான்.

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆட்களுக்கென்று தனித்தனியாகக் கெசட் பதிந்து கொடுத்து, நிமிடத்துக்கு ஒரு டொலர் கணக்கில் காசு வாங்கினாராம். அவரே சொல்லியிருக்கிறார். வாடகைக் கார்ச் சாரதிகளும் இந்தக் கெசட்டுகளை ஓட விட்டார்கள். 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் என்ற மண்டபத்தில் பிஸி பீ என்பவருக்கும் கூல் மோ டீக்கும் நடந்த சொற்போட்டியை அந்த இடத்தில் பார்த்தவர்கள் ஒரு மண்டபம் அளவுதான். கேட்டவர்களோ நகரம் முழுக்க, கெசட்டிலிருந்து கெசட்டுக்குப் பிரதி எடுத்து எடுத்து. சனத்தைச் சிரிக்கவைத்து ஆரவாரம் செய்வித்தால் போதும் என்று இருந்த ராப், எதிராளியின் ஒவ்வொரு வரியையும் பிரித்து மேய்கிற புலமையாக மாறியது அந்த இரவில் என்பார்கள். கவியரங்குகளில் வெட்டுக்கு வெட்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது விளங்காத விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் எங்களுக்கு உயிர். ஹார்லெமில் ரூஃப்டொப் என்ற இடத்தில் பிரூசி பீ தன் இரவுகளைப் பதிந்து விற்றார். காசு உள்ளவர்களின் பெயரை நாடாவில் கூவுவார். அந்தக் காசு போதைவஸ்து வியாபாரத்திலிருந்தும் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அடுத்து கிட் கப்ரி. எங்கள் நாலு பேருக்குள்ளும் யார் பெரியவர் என்ற சண்டை இருபது வருடமாக நடக்கிறது, எழுதுகிற கைக்குக் கப்ரிதான். ராப் பாட்டுகளுக்கு அடித்தளமாக எடுத்தாளப்பட்ட பழைய சோல், ஃபங்க் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து ஒன்றோடொன்று கோத்துவிடுவார். "இந்தப் பாட்டு இங்கிருந்துதான் வந்ததா!" என்று நாங்கள் வாயைப் பிளந்தது அவரால். வகுப்பில் ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று காட்டும்போது சில பிள்ளைகளின் முகத்தில் வருமே, அந்த வெளிச்சம்.

தோஹாக்காரருக்கு ரொன் ஜீ. அவர் செய்தது "பிளெண்ட்". ஒருவர் பாடிய காதல் பாட்டின் குரலை மட்டும் எடுத்து, இன்னொருவருடைய முரட்டு மேளத்தின் மேல் உட்கார வைப்பது. கேட்க லேசு. செய்துபார்த்தால் தெரியும். இரண்டு தட்டும் வெவ்வேறு வேகம். கையால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நாலு நிமிடம் ஒன்றையொன்று பிந்தாமல் ஓடவைக்க வேண்டும். அரைச் செக்கன் தப்பினால் குதிரையும் மாடும் ஒரே வண்டியில் பூட்டின மாதிரி. 1995இல் டூ வொப் "95 லைவ்" என்று ஒன்று விட்டார், ராப்பர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து புதிதாகப் பாடிவிட்டுப் போவார்கள். டோனி டச் 50 எம்சீக்களை ஒரே டேப்பில் அடுக்கினார். டீஜே குளூ பற்றி எங்களுக்கு நல்ல வார்த்தை இல்லை. வெளிவராத பாட்டை முதலில் கொண்டுவருவது அவர்தான், சரி. ஆனால் பாட்டு முழுக்கத் தன் பெயரை எதிரொலியோடு கத்திக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்பது? மற்றவன் திருடிவிடாமல் இருக்கப் போடுகிற முத்திரை என்று ஹார்ட்வெயார் கடைக்காரர் வாதாடுவார். வாதாடட்டும்.

இந்தக் கலைக்குக் கெசட்டே ஒரு சட்டம் போட்டது. 90 நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். நாடாவின் நீளம் ஏறத்தாழ 130 மீற்றர், செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். அந்த 45 நிமிடத்துக்குள் தொடக்கம், ஏற்றம், இறக்கம் எல்லாம் வைக்க வேண்டும். பாட்டு அரைகுறையில் அறுந்தால் அது டீஜேக்கு வெட்கம். கேட்கிறவருக்கும் சட்டம் உண்டு: பிடிக்காத பாட்டைத் தாண்ட முடியாது. தாண்டப் போனால் ஃபோர்வர்ட் அடித்து, நிறுத்தி, திரும்ப றிவைண்ட் அடித்து, அதற்குள் பாட்டே முடிந்துவிடும். ஆகவே இருந்து முழுதையும் கேட்டோம். பிடிக்காதவை மூன்றாம் தடவையில் பிடித்தன. 20 செக்கன் கேட்டுவிட்டுத் தள்ளிவிடுகிற விரலுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

எங்கள் கைக்கு வந்தது மூலப்பிரதி அல்ல. லண்டனிலிருந்து லீவில் வந்த ஒரு நானாவின் பையில் இருந்த பிரதியின் பிரதி. அதை இரட்டைக் கெசட் செட்டில் டீடீகே நாடாவில் அடித்தோம். ஒவ்வொரு பிரதியிலும் "ஸ்ஸ்ஸ்" கொஞ்சம் கூடும், மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும். இப்போது இணையத்தில் அதே டேப்பைத் துப்புரவாக்கிப் போட்டிருக்கிறார்கள். கேட்டோம், ஏதோ குறைகிறது. அந்த இரைச்சலோடுதான் பாட்டே மனதில் பதிந்திருக்கிறது போல.

பெயர்களைப் பார்த்து நாங்கள் அதிசயித்ததும் உண்டு. ஏ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் குழுவின் டீஜே அலி ஷஹீத் முஹம்மத். பின்னாளில் யாஸீன் பே என்று பெயர் மாற்றிக்கொண்ட மோஸ் டெஃப், 1999இல் வந்த தன் தனி அல்பத்தை பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கினார்.

இனி ஹூஸ்டன். டெக்சாஸில் டீஜே ஸ்க்ரூ என்று ஒருவர். இயற்பெயர் ரொபர்ட் ஏர்ல் டேவிஸ். பாட்டின் வேகத்தைக் குறைத்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆக்கி, வரிகளை வெட்டித் திரும்பத் திரும்ப அடிப்பார். சாம்பல் நிறக் கெசட். விற்பனை தன் வீட்டு வாசலில். இரவில் கார்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு உள்ளே போதைவஸ்து விற்கிறார் என்று பொலிஸ் சந்தேகித்ததாம். விற்றது பாட்டு. ஆனால் கொடீன் கலந்த இருமல் பாணி அந்த வட்டத்தில் புழங்கியது உண்மை. 2000 நவம்பர் 16இல் ஸ்க்ரூ இறந்தபோது வயது 29. பாணியும் அதில் ஒரு காரணம். எங்கட நகரத்தில் மருந்துப் போத்தல்கள் எங்கே கிடக்கின்றன என்று காலையில் மைதானம் கூட்டுகிறவர்களைக் கேளுங்கள். ஸ்க்ரூவின் பாட்டை ரசிக்கிற எவரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவருடைய இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஸ்க்ரூவின் டேப்புகளில் அக்கம்பக்கத்துப் பொடியன்மார் வந்து பாடுவார்கள். அதில் உயரமான ஒருவர், பிக் ஃபுளொயிட் என்ற பெயரில். 2020 மே 25இல் மினியாபொலிஸில் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே மூச்சு நின்ற ஜோர்ஜ் ஃபுளொயிட் அவர்தான். உலகம் அவர் குரலைக் கேட்டது அந்தக் கடைசி நிமிடங்களில். 90களின் அந்த நாடாக்களில் இருப்பது வேறு குரல். இளமையானது, அவசரமில்லாதது, கூட்டாளிமாரோடு பகிடி விடுகிற குரல். அதை முதல் தடவை கேட்ட இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

சட்டத்தின் கண்ணில் இவை பெரும்பாலும் அனுமதி இல்லாத பதிவுகள். அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒன்று: பாட்டை ஓட விடச் சொல்லி டீஜேக்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும் இசைக் கம்பனிகள்தான். 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டீஜே டிராமாவைக் கைதுசெய்து பல்லாயிரம் சீடீக்களை அள்ளிக்கொண்டு போனபோது உதவியாக நின்றது அதே கம்பனிகளின் சங்கம். அதற்குள் கெசட் காலம் முடிந்து சீடீ வந்துவிட்டது. எங்கட நாட்டுத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை எம்.ஐ.ஏ. 2004இல் டிப்ளோவோடு சேர்ந்து விட்ட மிக்ஸ்டேப்பும் அப்படி அனுமதி வாங்காத துண்டுகளால் ஆனதுதான். களவுப் பிரதி பயங்கரவாதத்துக்குக் காசு சேர்க்கிறது என்ற பொருளில் குத்தலாகப் பெயர் வைத்திருந்தார்.

இனி எங்கட வீட்டு அலுமாரி. இந்த நாடா எங்கட ஊருக்கு ஹிப்ஹொப்போடு வரவில்லை. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வாப்பாமார் கொண்டுவந்த டூ-இன்-வன்னோடு வந்தது. ரெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்தோம். நாகூர் ஹனீபா ஓடாத பெருநாள் இல்லை. பயான் கெசட் கைமாறியது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட் வந்தது. எழுத நேரமில்லாதவர்களும் எழுத்து வராதவர்களும் பேசி அனுப்பினார்கள். உம்மாமார் இங்கிருந்து பிள்ளையின் மழலையைப் பதிந்து அனுப்பினார்கள். அந்த வாப்பாமாரில் பலர் இப்போது இல்லை. குரல் மட்டும் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. வீடு திருத்தும்போது அதைத்தான் முதலில் குப்பைக்கு அனுப்புகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அப்படிக் கெசட் இருந்தால் எறியாதீர்கள், அவசரப்பட்டுப் பழைய செட்டில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் அது செட்டின் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போகும். நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், பசை காய்ந்து பெரும்பாலும் விழுந்திருக்கும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் காந்தம். எங்களிடம் ஒழுங்காக ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறது. கணினியில் பதிந்து பென் டிரைவில் தருவோம். காசு வேண்டாம், உள்ளே இருப்பதை நாங்கள் வெளியே கதைக்கவும் மாட்டோம். உடைந்த கெசட் என்றாலும் கொண்டுவாருங்கள், நாடா இருந்தால் வேறு கூட்டுக்குள் மாற்றலாம். மூலையிலும் நடுவிலும் ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் பத்து நிமிட வேலை. ஒட்டின கூடு என்றால் கொஞ்சம் மினக்கெட வேண்டும். அஸருக்குப் பிறகு வாருங்கள்.