பன்றி ரூபாய்

நான் மதுரையில் வேலைக்குச் சேர்ந்த 1991ஆம் ஆண்டில், மாலை நேரங்களில் சென்று அமர்வதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு மேற்கே ஒரு குறுகிய சந்தில், பழைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை வாங்கி விற்கும் கடை அது. வாசலில் குத்துவிளக்குகளும் அண்டாக்களும் அடுக்கியிருக்கும். உள்ளே, கல்லாவுக்குப் பின்னால், ஓர் அஞ்சறைப் பெட்டி. மிளகும் சீரகமும் இருக்கவேண்டிய அறைகளில் காசுகள் இருந்தன.

கடைக்காரருக்கு அப்போதே எழுபது வயதிருக்கும். பெரியவர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். நாணயங்களைப் பற்றி நான் பின்னாளில் எத்தனையோ நூல்களில் படித்தேன். ஆனால் கைக்கும் காதுக்கும் கற்றுத்தந்தவர் அவர்தான்.

"காசோட மூஞ்சியப் பாக்காதீங்க தம்பி. போலி பண்றவன் மூஞ்சிய நல்லாத்தான் பண்ணுவான். ஓரத்தப் பாருங்க" என்பார். அச்சில் அடித்த காசின் விளிம்பும் வார்ப்பில் ஊற்றிய காசின் விளிம்பும் ஒன்றாக இருப்பதில்லை. வார்த்ததில் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். அதை மறைக்க அரம் போட்டால் அரத்தின் தடம் தெரியும். பிறகு, கல்லாவின் மேலிருந்த கருங்கல் பலகையில் ரூபாயைத் தட்டிக் காட்டுவார். நல்ல வெள்ளி நீண்டு ஒலித்து மெல்ல அடங்கும். போலி, கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவனைப்போல டொக்கென்று முடித்துக்கொள்ளும். கடைசியாகத் தராசு. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்ந்திருந்தால் சற்றே குறையலாம். அதற்குமேல் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் வீட்டில் பூசையறைச் செம்போடு சேர்த்து நான்கைந்து பழங்காசுகளையும் வெள்ளிதோறும் அம்மா புளியிட்டுத் துலக்கிவைப்பார். "வயசானவுகள மொட்டையடிச்ச மாதிரி" என்று பெரியவர் அவற்றைப் பார்த்து வருத்தப்பட்டார்.

ஒருநாள் மாலை, நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். மாமியார் வைத்திருந்தவை என்று சொல்லி வெள்ளி ரூபாய்களைக் கல்லாவின் மேல் கொட்டினார். இருபத்திரண்டு இருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு மொத்தமாகத் தராசில் போட்டார். அன்றைய வெள்ளி விலைக்குக் கொஞ்சம் குறைத்து, காசு ஒன்றுக்கு அறுபது ரூபாய் வீதம் கணக்குச் சொன்னார்.

"கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கய்யா. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்" என்றார் அந்தப் பெண்மணி.

"அதுக்கென்ன தாயி" என்று பெரியவர் மேலும் இருபது ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தார். அவர் கைகூப்பி, "நல்லா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் பெரியவர் அந்தக் குவியலிலிருந்து ஒரு காசை மட்டும் தனியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. பின்புறத்தில் ஆண்டு 1911.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஒன்றே போதும். மன்னரின் மேலங்கியில் பொறித்த பதக்கமாலையில் ஒரு சின்ன யானை உண்டு. அச்சு செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தோன்றியது. முஸ்லிம்களிடையே மனவருத்தம் எழுந்தது. அரசு அந்த ரூபாயை நிறுத்தி, வெளிவராதவற்றை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும் புதிய அச்சை வெளியிட்டது. வராகன் என்று பன்றியின் பெயராலேயே பொற்காசை அழைத்த நாட்டில் இப்படி ஒரு சிக்கல். தப்பியவை 'பன்றி ரூபாய்' என்ற பெயரில் சேகரிப்பாளர்களின் ஆசைக்குரிய பொருளாயின.

அறுபது ரூபாய்க்கு வந்ததைப் பெரியவர் எனக்கு முந்நூற்றைம்பதுக்குத் தந்தார். வெளியில் இன்னும் கூடுதலாகப் போகும், எனக்காகத்தான் இந்த விலை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அன்று இரவு அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கினேன். அந்தப் பெண்மணியின் நினைவு எனக்கு வரவேயில்லை.

பெரியவர் 1999இல் காலமானார். பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. நான் மெல்ல இணையத்துக்கு மாறினேன். 2008 வாக்கில் பழைய ஏலங்களின் முடிவுகளை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை ஒரு காசின் விலை என்பது வியாபாரியின் வாயிலிருந்து வருவது. இப்போது மும்பையிலும் பெங்களூரிலும் எந்த நாளில், எந்தத் தரத்தில் இருந்த காசு, எவ்வளவுக்குப் போனது என்பதைச் சிற்றூரில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியரும் பார்க்கலாம். ஒரே காசின் நூறு படங்களை அருகருகே வைத்து அச்சு வேறுபாடுகளை ஒப்பிடலாம். நேர்ச் சந்தையின் இருட்டில் பெரும்பகுதி இதனால் விலகியது என்பதை மறுக்க முடியாது.

1911ஆம் ஆண்டு ரூபாயின் ஏல விலையையும் அன்றுதான் பார்த்தேன். பார்த்த கணமே நினைவில் எழுந்தது காசின் முகமல்ல. பதினேழு ஆண்டுகளாக மறந்திருந்த அந்தக் கூப்பிய கைகள். பெரியவர் பொய் சொல்லவில்லை. எடையில் ஒரு குன்றிமணிகூடக் குறைக்கவில்லை. வெள்ளியை வெள்ளியாக வாங்கினார், காசைக் காசாக விற்றார், அவ்வளவுதான். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டென்று அவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். அன்று அந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்ததை, பக்கத்தில் அமர்ந்திருந்த நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் இணையம் எனக்கு வேறொரு பாடத்தையும் வைத்திருந்தது. நான்காம் வில்லியம் உருவம் பொறித்த 1835ஆம் ஆண்டின் கம்பெனி ரூபாய் ஒன்றைப் படம் பார்த்து வாங்கினேன். பக்கவாட்டிலிருந்து ஒளி விழ, மன்னரின் தலைமுடி இழையிழையாகத் தெரிந்த அழகான படம். கைக்கு வந்ததைத் தரையில் தட்டினேன். டொக். எடை பத்து கிராமைத் தொடவில்லை. பூதக்கண்ணாடியில் தரை முழுவதும் ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் அரத்தின் தடம். விற்றவரின் பெயர் அடுத்த வாரமே அந்தத் தளத்திலிருந்து மறைந்துவிட்டது. ஒளிப்படம் காட்டுவது காசின் மூஞ்சியை மட்டும்தான். எதைப் பார்க்காதே என்று பெரியவர் சொன்னாரோ, அதை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பியிருந்தேன்.

இழப்பு எனக்கு மட்டுமென்றால் பெரிதில்லை. பெரியவரின் அஞ்சறைப் பெட்டியில் சதுரமான செப்புக்காசுகளும் இருந்தன. ஒருபுறம் யானை, மறுபுறம் கோட்டுருவில் மீன். சங்ககாலப் பாண்டியர் காசுகள். வைகை மணலை அரித்துப் பிழைப்பவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்தத் துறைக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று கேட்டு, அதை ஒரு காகிதத் துணுக்கில் எழுதிக் காசோடு மடித்துவைப்பது பெரியவரின் வழக்கம். மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அந்தக் கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆயினும் அந்தத் துணுக்குக்கு ஒரு மதிப்பு இருந்தது. தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்று பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளிப்படுத்திய பிறகுதான், பாட்டில் வாழ்ந்த பெயர் சங்ககாலக் காசிலும் தெரிந்தது. மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் பெயர்களும் வெள்ளிக் காசுகளிலிருந்து கிடைத்தன. இத்தகைய காசு எந்த ஆற்றின் எந்தக் கரையில் கிடைத்தது என்பது காசில் பாதி. இணையத்தில் அது 'சங்ககாலம், அரியது, அசல்' என்ற மூன்று சொற்களோடு, வெள்ளைத் துணியின் மேல், ஊரில்லாமல் கிடக்கிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, கைப்பேசியை நீட்டியபடி வந்தார். வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசு வைத்திருப்பவர்களுக்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று ஒரு காணொளி. அந்தக் காசு 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடைக் கல்லாவில் வந்த ஒன்றைப் பத்திரப்படுத்தி, காணொளியில் இருந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். பதிவுக் கட்டணம் என்று 999 ரூபாய், பிறகு வரி என்று 4,500. ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு கடிதம்கூட வந்திருந்தது. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுகளுக்குக் கட்டணமும் தரகும் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஒண்ணுமே இல்லையா சார்?"

"அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு ரூபாதான் அக்கா. பத்திரமா வச்சுக்கிட்டா பின்னால கொஞ்சம் கூடப் போகலாம்."

அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றார். மதுரைப் பெண்மணி யாரும் சொல்லாததால் இழந்தார்; இவர் ஒருவன் சொன்னதால் இழந்தார். இருவருக்கும் பக்கத்தில் அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. முதலாமவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

மறுநாள் அக்கா தம் அம்மாவின் மூன்று வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவந்தார். அவர் முன்னாலேயே எடை போட்டேன். ஏல விலைகளைத் திரையில் திறந்து காட்டினேன். இரண்டு 1918, ஒன்று 1940க்குப் பிந்தைய பாதி வெள்ளி. எதுவும் அரியதல்ல. அதையும் சொன்னேன். விற்கவில்லை என்று முடிச்சிட்டு எடுத்துச் சென்றார்.

என் பன்றி ரூபாயின் படத்தை ஒருமுறை இணையத்தில் இட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலை சொல்லிக் கேட்டார். 2011இல் அதற்கு நூறு வயது நிறைந்துவிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று பதில் எழுதினேன். சட்டம் உண்மைதான். ஆனால் உள்ளூரில் கேட்டவர்களுக்கும் நான் அதைக் கொடுக்கவில்லை. எந்த விலைக்கு விற்றாலும் அதில் பெரும்பங்கு ஒருவருக்குச் சேரவேண்டும். அவருடைய முகவரி என்னிடம் இல்லை.