கிளட்ச் பெடல்

போன தையில் ஊர்த்தெருப் பெரியவீட்டிலிருந்து எங்கள் சேரிக்கு ஆள் வந்தது. அம்பாசடர் கார் ரிப்பேர். பேரன் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போகணுமாம். உத்தரபாரா ஃபேக்டரி 2014லேயே அம்பாசடர் செய்வதை நிறுத்திவிட்டது. டவுனில் சாமான் இல்லையென்று கையை விரித்த பிறகுதான் எங்க அண்ணன் நினைப்பு வந்திருக்கிறது.

நானும் கூடப் போனேன். பெடலை மிதித்தால் பாதிதூரம் சும்மா போனது. கியர் போட்டால் கர்ரென்று கத்தியது. கம்பியைத் திருகித் திருகி ஓட்டியிருக்கிறார்கள். இனித் திருக மரை இல்லை. அண்ணன் அடியில் மல்லாந்து படுத்துக் கழற்றினான். பெடல் சுழலும் புஷ் ஒருபக்கம் தேய்ந்து தகடாகியிருந்தது. கம்பியைக் கோக்கும் பின் நடுவில் சிறுத்திருந்தது. பின் போகிற ஓட்டை வட்டம் போய் முட்டையாகியிருந்தது.

"மூணு எடத்துலயும் கொஞ்சங் கொஞ்சம்தான்டா. ஒண்ணா சேந்தா பாதி மிதி போயிடும்."

ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, ராவி, புதுசாகத் துளை போட்டான். லேத்தில் கன் மெட்டல் புஷ்ஷும் பின்னும் கடைந்து வந்தான். கிரீஸ் வைத்து மாட்டினான். பெடல் அசையாமல் நின்றது.

இனி ஓட்டிப் பார்த்து ஆட்டம் வைக்க வேண்டும். ஆட்டம் அதிகமானால் கியர் விழாது. ஆட்டமே இல்லாவிட்டால் பேரிங்கும் பிளேட்டும் தேய்ந்துபோகும். அண்ணன் கதவைத் திறந்தான். பெரியவர் திண்ணையிலிருந்து, "நீ எறங்குப்பா, நாங்க ஓட்டிப் பாத்துக்குறோம்" என்றார்.

எங்கப்பா இருபது வருசம் இந்தக் காரைக் கழுவினவர். ஒருநாளும் உள்ளே உட்கார்ந்ததில்லை. இந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். பெரியவரை 'ஆண்ட' என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணன், "சார், கிளட்ச்ச கையால பாக்க முடியாது. கால வச்சி மிதிச்சாத்தான் தெரியும். நா ஓட்டாம குடுக்க மாட்டேன்" என்றான்.

யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து ஒரு பையன் கோணிச்சாக்கு கொண்டுவந்து சீட்டில் விரித்தான். அண்ணன் அதை எடுத்து மடித்துக் கீழே வைத்தான். செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்தான். ஊர்த்தெருவில் கோயில்வரைக்கும் போய்த் திரும்பினான். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. இறங்கிக் கம்பியை அரைச்சுற்றுத் திருகினான். மறுபடியும் ஓட்டினான்.

கூலியைத் திண்ணை ஓரத்தில் வைத்தார்கள். "கையில குடுங்க சார்" என்று நின்றான். கொடுத்தார்கள். மறுநாள் சீட்டைக் கழுவினார்களென்று கேள்விப்பட்டோம்.

"கழுவட்டும். கல்யாணத்துல நா வச்ச ஆட்டத்துலதான மிதிக்கணும்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். மேடைதோறும் தீண்டாமை பற்றிப் பேசுகிறவன். கோணியை விரித்தபோது பக்கத்தில் நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவார்த்தை சொல்லவில்லை. பத்தாவது தாண்டாத அண்ணன்தான் சொன்னான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.